கொண்டியில் கட்டிய துணி

மருதுபாண்டியின் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. வாசல் கதவை இரவில் வெறுமனே சாத்தி, உள்பக்கம் ஒரு மர ஸ்டூலைச் சாய்த்து வைப்பார்கள். குளிக்கப் போகிறவர்கள் வெளியே வரும்வரை எதையாவது பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் மனைவி கலைச்செல்விக்குப் பாட்டு வராது, அதனால் அவள் வாய்ப்பாடு சொல்வாள். விருந்துக்கு வந்த அவளுடைய அண்ணன், பதினாறாம் வாய்ப்பாட்டில் தங்கை தடுமாறியதைக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் யாரும் அவன் நின்ற வாசலில் நின்றவர்கள் இல்லை.

மருதுபாண்டி தீயணைப்பு வீரன். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில், கடலை ஒட்டிய ஒரு நகரத்து நிலையத்தில் வேலை. பெயரைச் சொன்னால் ‘எங்கள் நிலையத்தைப் பற்றி எப்படி எழுதலாம்’ என்று யாராவது கிளம்பி வருவார்கள், அதனால் பெயர் வேண்டாம். அதை நகரம் என்று அரசாங்கம் சொல்கிறது, நாமும் சொல்லி வைப்போம். நிலையம் தொடங்கிய வருடமே பயிற்சியை முடித்துக்கொண்டு அவன் அங்கே வந்து சேர்ந்தான். கடலாடிப் பக்கம் மிளகாயும் மல்லியும் போடுகிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. அதற்கு முன்னால் கடலை அவன் ஆடி அமாவாசைக்குத் தலைமுழுகும்போது மட்டும்தான் பார்த்திருந்தான்.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டுறவுச் சங்கம் கைவிட்ட உரக் கிட்டங்கிதான் நிலையம். சட்டையைத் துவைத்தாலும் யூரியா வாடை போகாது. வேறு மாவட்டத்தில் ஓடித் தேய்ந்து இங்கே தள்ளிவிடப்பட்ட ஒரே ஒரு தண்ணீர் வண்டி, அதையும் மேட்டில் நிறுத்தினால்தான் மறுநாள் கிளம்பும். வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் அபாய மணி. வண்டியை ஓட்டியவர், அதாவது பெரும்பாலும் அதனிடம் கெஞ்சியவர், புதுமடத்துக் காஜா நவாஸ். "ஏ மருது, இந்த வண்டி தீய அணைக்க வேணாம், தீ இருக்குற எடத்துக்குப் போய்ச் சேந்தாப் போதும், அல்லா காப்பாத்தணும்" என்பார்.

திறப்பு விழாவுக்கு வாசலில் கட்டிய வாழைமரம் காய்வதற்குள் கூனித்துறையிலிருந்து அழைப்பு வந்தது. கூனித்துறை, தென்னந்தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் மணலில் கிடக்கிற கத்தோலிக்க மீனவர் குடியிருப்பு. அப்போது அங்கே பாதிக்கு மேல் ஓலை வீடுகள். வள்ளங்கள் கரையேறுகிற காலை நேரம், பெண்கள் எல்லோரும் கூடையை எடுத்துக்கொண்டு மீன் ஏலத்துக்குக் கரைக்குப் போயிருந்தார்கள். வண்டி மணலில் புதைந்துபோனது. ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். இன்னும் தீப்பிடிக்காத வீடுகளில் ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் மருதுபாண்டிக்குக் கொடுத்த வேலை.

ஒரு வீட்டு வாசலுக்கு வந்தான். தகரக் கதவு. வெளிப்பக்கம் கொண்டி மாட்டியிருந்தது. பூட்டு இல்லை, கொண்டி கழன்றுவிடாமல் இருக்க ஒரு குச்சி செருகியிருந்தது. வெளியே கொண்டி போட்ட வீட்டில் ஆள் இருக்காது. இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை. கடலாடிப் பக்கத்துக் கிராமங்களில் மூச்சு விடுகிற மனுசரை உள்ளே வைத்து வெளியே கொண்டி போட மாட்டார்கள். விளையாட்டுக்கு அப்படிச் செய்கிற பிள்ளைகளுக்கு முதுகில் ரெண்டு விழும். அவன் அந்த வாசலைத் தாண்டிப் போனான். அடுத்த வீடு திறந்து கிடந்தது. உள்ளே மரியதாஸ் என்ற பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கடற்கரையில் வழக்கம் வேறு. வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் கடல். நடை பழகிய பிள்ளை, கண் அசந்தால் தண்ணீருக்குப் போய்விடும். அதனால் கரைக்குப் போகிற தாய், தூங்குகிற பிள்ளையை உள்ளே விட்டு வெளியே கொண்டி போட்டுவிட்டுத்தான் போவாள். கடல் பிள்ளையைக் கொண்டு போகாமல் காக்கிற கொண்டி அது. கூனித்துறையில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கூனித்துறையில் பிறந்தவர் ஒருவர்கூட அந்த நிலையத்தில் வேலையில் இல்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

கொண்டி போட்டிருந்த வீட்டுக்காரி மிக்கேலம்மாள் கரையிலிருந்து ஓடிவந்து சேர்ந்தபோது அந்த ஓலைக் கூரை விழுந்துவிட்டிருந்தது. அவளுடைய மகன் ஜோஸ்வாவைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்தார்கள். எடுத்தவன் மருதுபாண்டி. அதற்கு மேல் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

விசாரணை நடந்தது. வெளியே கொண்டி போட்டிருந்த வீட்டை ஆளில்லாத வீடு என்று எடுத்துக்கொண்டது நியாயம்தான் என்று முடித்துவிட்டார்கள். நியாயம்தான். அந்த நியாயத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம் வருமா என்று யாரும் கேட்கவில்லை. மரியதாஸ் உயிரோடு இருந்தவரைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நிலையத்துக்குக் கேக் கொடுத்தனுப்பினார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். மருதுபாண்டி தன் பங்கைக் காஜா நவாஸிடம் கொடுத்துவிடுவான்.

அன்று அந்த வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டதா? அவனுக்குத் தெரியாது. பம்பு இரைந்துகொண்டிருந்தது, ஓலை வெடித்துக்கொண்டிருந்தது, கடற்காற்று வேறு. கேட்டதாக ஞாபகம் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு கேட்க ஆரம்பித்தது. கதவின் கீழ்ப்பாதியில், முழங்கால் உயரத்தில், சின்ன உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். பதறித் தட்டுகிற தட்டல் இல்லை. தட்டினால் வந்து திறப்பார்கள் என்று நம்புகிற தட்டல். அதுதான் அவனைக் கொன்றது. பஸ்ஸில் போகும்போது சாலையோரத்துப் பூட்டிய வீடுகளிலிருந்து கேட்டது. சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக் கதவிலிருந்து கேட்டது. ஒருநாள் தன் வீட்டுக் குளியலறைக் கதவிலிருந்தே கேட்டது. உள்ளே இருந்தது கலைச்செல்வி, அவள் குளித்துக்கொண்டிருந்தாள், தட்டவே இல்லை. அன்று சாயங்காலம் ஸ்குரூ டிரைவரை எடுத்து வீட்டிலுள்ள தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றினான்.

"என்னங்க இது கூத்து? களவாணிப்பய உள்ள வந்தா என்ன செய்வீக?" என்றாள் கலைச்செல்வி.

"வந்தா வரட்டும். வந்தவன் வெளிய போறதுக்கு வழி இருக்கும்ல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கழற்றிய திருகாணிகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். ஸ்டூலைச் சாய்த்து வைக்கிற யோசனையும் அவளுடையதுதான்.

ஒரே ஒரு சமயத்தில்தான் அந்தத் தட்டல் அடங்கும். வண்டியில் போய் இறங்கி, ஒரு கொண்டியை நீக்கி, கதவைத் தள்ளி, "உள்ள ஆள் இருக்கா?" என்று கூப்பிட்டு, யாரும் இல்லை என்று தன் கண்ணால் பார்த்துவிட்டால், கொஞ்ச நாளைக்கு நிம்மதி. அதனால் எந்தத் தீக்குப் போனாலும் அக்கம்பக்கத்தில் வெளியே கொண்டி போட்ட, பூட்டுப் போட்ட எந்த வீட்டையும் அவன் விடுவதில்லை. இத்தனை வருடத்தில் ஒரு வீட்டிலிருந்தும் பதில் வந்ததில்லை. நிலையத்தில் அவனுக்குப் பூட்டுடைச்சான் என்று பெயர் வைத்தார்கள்.

இதற்கிடையில் நிலையம் வளர்ந்தது. அரசாங்கத்துக்கு நினைத்தால் வளர்க்கத் தெரியும், ஒரு சாவு விழுந்துவிட்டால் இன்னும் வேகமாக வளர்க்கத் தெரியும். முதலில் மணலில் புதையாத சின்ன வண்டி ஒன்று வந்தது. பிறகு சொந்தக் கட்டடம், மூன்று வண்டிகள் நிற்கிற கொட்டகை, ஹோஸைத் தொங்கவிட்டுக் காயவைக்க ஒரு கோபுரம். தண்டவாளத் துண்டு போய் மின்சார மணி வந்தது. வெள்ளத்தில் ஆள் எடுக்க ரப்பர் படகு, நசுங்கிய காரை வெட்டித் திறக்கிற இயந்திரம், புகைக்குள் போக முதுகில் மாட்டுகிற காற்றுச் சிலிண்டர், கடைசியாக இருட்டுப் புகையிலும் உடம்புச் சூட்டைக் காட்டுகிற கேமரா. ஆட்களும் இரண்டு மடங்கானார்கள். ஒவ்வொரு சாமான் வந்து இறங்கும்போதும் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். காஜா நவாஸ் ஓரமாக நின்று பிஸ்மி சொல்லிக்கொள்வார். மருதுபாண்டி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பான். இது அன்றைக்கு இருந்திருந்தால் என்று யோசிப்பான். யோசித்து யோசித்துக் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். இது எதுவுமே தேவைப்பட்டிருக்காது. கொண்டியில் இருந்த குச்சியை உருவ இரண்டு விரல் போதும்.

புதுக் கட்டடம் வந்த வருடம் கடலோரக் குடியிருப்புகளில் விழிப்புணர்வுக் கூட்டம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. கூனித்துறைக்குப் போக மற்றவர்கள் தயங்கினார்கள், மருதுபாண்டி போனான். கோயில் முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மிக்கேலம்மாள் கடைசி வரிசையில் இருந்தாள். கேரளத்துத் துறைமுகத்துக்குப் பிழைக்கப் போன அவள் கணவன், மகன் போன பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. மருதுபாண்டி அவள் இருந்த திசையைப் பார்க்காமலே பேசினான்.

"பிள்ளைகள உள்ள வச்சுக் கொண்டி போடாதீகன்னு நான் சொல்ல மாட்டேன். கடலு உங்க வாசல்ல கெடக்கு, நீங்க என்ன செய்வீக. ஆனா உள்ள ஆள் இருந்தா அந்தக் கொண்டியில ஒரு துணியக் கட்டிப்புட்டுப் போங்க. துணி கெடந்தா நாங்க தொறப்போம். யாரு என்ன சொன்னாலும் தொறப்போம். அது என் பொறுப்பு."

இவன் யார் நமக்குச் சொல்ல என்கிற மாதிரி பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து மிக்கேலம்மாள் எழுந்தாள். சேலையின் ஓரத்தைப் பல்லால் கடித்துச் சரக்கென்று ஒரு துண்டு கிழித்தாள். அதைக் கையில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். அவன் நினைப்பில் தவறில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது. அடுத்த மழைக்காலத்துக்குள் கூனித்துறைக் கொண்டிகளில் துணி தெரிய ஆரம்பித்தது. பிறகு கடலோரம் நெடுகப் பரவியது. பழைய பாவாடைத் துண்டு, கிழிந்த லுங்கி, பள்ளிக்கூடத்து ரிப்பன். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். படத்தில் அதிகாரிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மருதுபாண்டியின் தோள்பட்டை மட்டும் ஓரத்தில் விழுந்திருந்தது. கலைச்செல்வி அதையும் வெட்டி எடுத்து வைத்தாள்.

அப்புறம் கொரோனா வந்தது. தீயணைப்பு வண்டியில் தண்ணீருக்குப் பதிலாக மருந்தை நிரப்பிக்கொண்டு தெருத்தெருவாக அடித்தார்கள். வெயிலில் ஊர் செத்துக் கிடந்தது, நாய்கூட வெளியே இல்லை, மற்றவர்களுக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. மருதுபாண்டி அந்த மாதங்களில்தான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான். எல்லாக் கதவுகளும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆள் இருந்தார்கள். இருமினார்கள், சண்டை போட்டார்கள், டிவி பார்த்தார்கள். உலகமே முடங்கிக் கிடந்தபோது சந்தோஷமாக இருந்த ஒரே மனுசன் அவன்தான், அதை வெளியே சொல்லவா முடியும்?

ஊர் திறந்தது, கொண்டிகள் மறுபடி வெளியே விழுந்தன, தட்டலும் திரும்பி வந்தது.

முத்துகிருஷ்ணன் நிலைய அலுவலராக வந்தது அதற்குப் பிறகு. நல்ல மனுசர், தன் ஆட்களில் ஒருவன் விரலில் முள் குத்தினாலும் வருத்தப்படுகிறவர். அவருக்கு மருதுபாண்டி பெரிய தலைவலியாக இருந்தான். ஒரு பெட்டிக்கடைத் தீக்குப் போனபோது பக்கத்து வீட்டின் தேக்குக் கதவைக் கோடாலியால் பிளந்தான். வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். வாசல் கேமரா வழியாகத் தன் கைபேசியில் அதை நேரலையாகப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே நிலையத்துக்குக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். அதையாவது சமாளிக்கலாம். மெத்தைக் கடை எரிந்தபோது நடந்ததைச் சமாளிக்க முடியவில்லை. ஹோஸைப் பிடித்திருந்த மருதுபாண்டி, பின்பக்கம் பூட்டியிருந்த ஓர் அறையைப் பார்த்ததும் ஹோஸைச் சக வீரனிடம் விட்டுவிட்டு ஓடினான். தனியாகப் பிடித்த ஹோஸ் துள்ளியது, எரிகிற பஞ்சு அந்த வீரனின் முழங்கை மேல் விழுந்தது. பூட்டிய அறையில் இருந்தது வெறும் நாற்காலிகள்.

மறுநாள் முத்துகிருஷ்ணன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மருதுபாண்டி, உங்களப் பத்தி எல்லாரும் எனக்குச் சொல்லியிருக்காங்க. கூனித்துறையும் தெரியும். நான் உங்களக் குத்தம் சொல்லல. ஆனா உங்களுக்காக இன்னொருத்தன் கையக் காவு குடுக்க என்னால முடியாது."

"தப்புத்தான் அய்யா."

"இன்னொரு தடவை நான் வேண்டாம்னு சொன்ன கதவ நீங்க தொறந்தா, அன்னைக்கோட வண்டி கிடையாது. கண்ட்ரோல் ரூம்ல போன் எடுங்க. இது தண்டனை இல்ல, புரியுதா?"

"அய்யா, சம்பளத்த வேணா நிறுத்துங்க. வண்டியில ஏற விடாம மட்டும் செஞ்சிராதீக. நான் பைத்தியமாப் போயிருவேன்."

அது பேச்சுக்குச் சொன்னது இல்லை. கதவைத் திறந்து பார்க்க வழியில்லாமல், ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தட்டலை மட்டும் கேட்டுக்கொண்டு மிச்சக் காலத்தை எப்படிக் கழிப்பது? வீட்டுக்கு வந்து கலைச்செல்வியிடம் சொன்னான். "அப்ப இனிமே அவரு சொல்றதக் கேளுங்க" என்றாள். அவனும் கேட்டான். சில மாதங்கள் எந்தப் பூட்டையும் தொடவில்லை. காஜா நவாஸ் மட்டும் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவார்.

பிறகு ஒரு காலையில் கூனித்துறையிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது.

பைபர் படகு பழுதுபார்க்கிற கொட்டகையில் தீ. உள்ளே பிசின் டின்களும் நைலான் வலைகளும் இருந்ததால் கன்னங்கரேல் என்று புகை. இந்தமுறை வண்டி புதையவில்லை. சிமெண்டு ரோடு போட்டிருந்தார்கள், ஓலை வீடுகள் போய்க் காரைச் சுவர் வீடுகள் வந்திருந்தன. பழைய கூனித்துறை என்று அடையாளம் சொல்லக் கடல் மட்டும்தான் இருந்தது. வள்ளங்கள் கரையேறுகிற நேரம், பெண்கள் கரையில் நின்றார்கள். அன்றைக்கும் அதே நேரம்தான் என்று மருதுபாண்டிக்கு வண்டியிலிருந்து இறங்கும்போதே உறைத்தது.

கொட்டகைக்கு அடுத்த வீடு மிக்கேலம்மாளுடையது. எரிந்த அதே மனையில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தகரக் கூரை வீடு. முன்னால் இறக்கியிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பொறி விழுந்து பிடித்துக்கொண்டிருந்தது.

"அந்த வீட்ல ஆளில்ல! மிக்கேலம்மா கரையில நிக்கி, ஒத்தப் பொம்பள!" என்று தெருவில் நின்றவர்கள் கத்தினார்கள். முத்துகிருஷ்ணன் சன்னல் வழியாகக் கேமராவை நீட்டிப் பார்த்தார். உருவம் எதுவும் தெரியவில்லை. "காலி வீடு. பந்தல் விழட்டும். அதுக்கு அடுத்த வீட்டக் காப்பாத்துங்க" என்றார். சரியான உத்தரவுதான். மருதுபாண்டியே அதிகாரியாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

அவன் கதவைப் பார்த்தான். வெளியே கொண்டி போட்டிருந்தது. கொண்டியில் ஒரு துணி கட்டியிருந்தது.

பழைய சேலைத் துண்டு. வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிறம் போய், நூல் பிரிந்து, இற்றுப்போய்க் கிடந்தது. அதற்கு மேல் புதுசாக இன்னொரு துண்டு கட்டியிருந்தது. இற்றுப்போக இற்றுப்போக மேலே மேலே கட்டிவந்த துணி.

தட்டல் கேட்டது. கதவின் கீழ்ப்பாதியில், முழங்கால் உயரத்தில். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். அந்த வீட்டில் யார் இருக்க முடியாது என்பது இந்த உலகத்தில் மற்ற எவரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும், அவன்தானே எடுத்தான். திறந்தால் வண்டி போய்விடும் என்பதும் தெரியும். ஆனால் கோயில் முற்றத்தில் நின்று, துணி கிடந்தால் திறப்போம், யார் என்ன சொன்னாலும் திறப்போம் என்று சொன்னதும் அவன்தான்.

கையில் இருந்த ஹோஸை இந்தமுறை அவன் விட்டுவிட்டு ஓடவில்லை. தண்ணீரை நிறுத்தி, பிடியை ஒழுங்காகக் கீழே வைத்தான். "காஜாண்ணே, பிரஷரக் கொறைங்க" என்று கத்தினான். காஜா நவாஸ் ஏன் என்று கேட்கவில்லை, குறைத்தார். "மருதுபாண்டி!" என்று முத்துகிருஷ்ணன் கூப்பிட்டது பின்னால் கேட்டது. முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு பந்தலுக்குக் கீழே குனிந்து ஓடினான். துணியை அவிழ்த்தான். அவசரத்தில் கிழித்திருக்கலாம், அவிழ்த்தான். கொண்டியை நீக்கிக் கதவைத் தள்ளினான்.

"உள்ள ஆள் இருக்கா?"

புகை. சுவரைத் தடவிக்கொண்டே தவழ்ந்தான். முதலில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். அப்புறம் கட்டிலுக்கு அடியில், அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில். ஒருவரும் இல்லை. தரையில் சின்னப் பாய் ஒன்று விரித்திருந்தது. தலைமாட்டில் ஒரு தட்டு, அதை இன்னொரு தட்டால் மூடியிருந்தது. அவன் கை பட்டு மேல்தட்டு நகர்ந்தது. காலையில் அவித்த இட்லி, இன்னும் சூடு இருந்தது.

மருதுபாண்டி அந்தப் பாயின் பக்கத்தில் முட்டிபோட்டபடி ஒரு நிமிடம் இருந்தான். முகமூடிக்குள் அழுதால் எதுவும் தெரியாமல் போய்விடும், அதனால் அழவில்லை. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். அவனுக்குப் பின்னால் பந்தல் சரிந்தது.

வெளியே மிக்கேலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கரையிலிருந்து ஓடிவந்த மூச்சிரைப்பு, இடுப்பில் கூடை, கூடையில் மீன். கூட்டம் விலகி நின்றது. அவன் முகமூடியைக் கழற்றினான். பாயை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அவன் கையில் இன்னும் இருந்த துணியை அவள் பார்த்தாள்.

"துணி கட்டியிருந்துச்சுக்கா" என்றான்.

"தெனமும்தான் கட்டுதேன். நீங்க சொன்ன அன்னையிலருந்து."

"உள்ள..."

"தெரியும் தம்பி. உள்ள யாருமில்லன்னு எனக்குத் தெரியாதா?" அவள் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். அவனை முதல் முறையாக நேராகப் பார்த்தாள். "இந்தத் தடவ தொறந்திட்டீக" என்றாள்.

அது நன்றியா, வசையா என்று இன்றுவரை அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று கலைச்செல்வி சொல்கிறாள். கும்பிடலாமா, காலில் விழலாமா என்று தெரியாமல் அவன் துணியை நீட்டிக்கொண்டே நின்றான்.

மதியத்துக்குள் தீ முழுக்க அடங்கியது. யாருக்கும் காயமில்லை. முத்துகிருஷ்ணன் மிக்கேலம்மாள் வீட்டுச் சுவரையும் கூரையையும் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போகலாம் என்று சொன்னார். பிறகு மருதுபாண்டியிடம் வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நாளையிலருந்து கண்ட்ரோல் ரூம்."

"சரி அய்யா."

கெஞ்ச வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஹோஸைச் சுருட்டுவதற்காக மிக்கேலம்மாள் வீட்டுப் பக்கம் போனான். அவள் தண்ணீரும் கரியும் கிடந்த வாசலைத் தாண்டி, பாயையும் அவன் கொடுத்த துணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கருகிய கதவைச் சாத்தினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுக் கதவு உள்ளேயிருந்து பூட்டப்பட்டு அவன் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ரோட்டில் காஜா நவாஸ் வண்டியைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தார். எழ முடியவில்லை. பக்கத்தில், அவன் தோளுக்குப் பக்கத்தில், கதவின் கீழ்ப்பாதி இருந்தது. அவன் கை தானாகப் போய் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டியது. உள்ளே ஆள் இருக்கா என்று உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

பிறகு அவள் குரல் கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து, அவனுடைய காது உயரத்திலேயே கேட்டது. அவளும் அந்தப் பக்கம் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கேன்யா" என்றாள். "அம்மா இங்கனதான் இருக்கேன்."